அல்ட்ராசவுண்டில் கிரேடு 2, ஃபைப்ரோஸ்கேனில் 9.2: இரண்டும் ஒன்றா? புதிய மருந்து தேவைப்படுமா?

தென்றல்:
வணக்கம். ஓர் அறிக்கையைச் சரியாகப் படிக்க உதவி வேண்டும். வயது 52, ஆண், எடை 84 கிலோ, இரண்டாம் வகை சர்க்கரை நோய், மது கிடையாது. கல்லீரல் நொதிகளில் ஏஎஸ்டி 48, ஏஎல்டி 55. பிளேட்லெட் 2.1 லட்சம். அல்ட்ராசவுண்டில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’. கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9.2 கிலோபாஸ்கல், கொழுப்பைக் காட்டும் கேப் எண் 312. கிரேடு 2 என்பதும் எஃப்2 என்பதும் ஒன்றுதானா? ரெஸ்மெட்டிரோம், செமாகுளூடைடு என்ற புதிய மருந்துகள் இரண்டும் எஃப்2, எஃப்3 நிலைக்கு என்று படித்தேன். இவருக்குப் பொருந்துமா?

இளவேனில்:
ஒன்று இல்லைங்க. இந்தக் குழப்பம் எவ்வளவு பேரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது, எவ்வளவு பேரைத் தவறாக நிம்மதியாக இருக்க வைக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அல்ட்ராசவுண்டு கிரேடு என்பது கொழுப்பின் அளவு மட்டும்தான். கல்லீரல் சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது, உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் விளிம்பு மங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்து 1, 2, 3 என்று போடுவார்கள். எஃப்0 முதல் எஃப்4 வரை என்பது வேறு கணக்கு. அது கல்லீரலில் விழுந்திருக்கும் தழும்பு. எஃப்4 என்றால் சிரோசிஸ். கிரேடு 3 உள்ள ஒருவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும்: நோய் முற்றி சிரோசிஸ் ஆகும்போது கொழுப்பு தானாகவே குறைந்துவிடும். ‘கிரேடு 3 இப்போது கிரேடு 1 ஆகிவிட்டது’ என்று மகிழ்வதற்கு முன் தழும்பைப் பார்த்தே ஆக வேண்டும். பின்னால் கல்லீரல் எப்படிப் போகும் என்பதைச் சொல்வது தழும்புதான்.

தழும்புக்கு முதல் சல்லடை ஃபிப்-4 என்ற கணக்கு. வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். அதைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுங்கள். இங்கே 52 × 48 = 2496. 55-இன் வர்க்கமூலம் 7.42, அதை 210-ஆல் பெருக்கினால் சுமார் 1557. விடை 1.6. பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில், 210 என்றுதான் போட வேண்டும். 2,10,000 என்று அப்படியே போட்டால் விடை 0.0016 வரும், அதைப் பார்த்து ‘ரொம்ப நல்லது’ என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் நிபுணரிடம் போக வேண்டும். 1.6 நடுவில் நிற்கிறது. ஆகவே ஃபைப்ரோஸ்கேன் எடுத்தது சரியான அடுத்த படி. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் வரம்பை 2.0 என்று வைப்பார்கள், ஏனென்றால் வயதே விடையை ஏற்றிவிடும். 35-க்குக் கீழ் இந்தக் கணக்கை நம்ப முடியாது.

நுண்ணோக்கி:
ஃபைப்ரோஸ்கேன் பற்றி. பொதுவாக 8-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்பு இல்லை என்று கொள்ளலாம், 12-ஐத் தொட்டால் இருக்க வாய்ப்பு அதிகம், நடுவில் உள்ளது சாம்பல் பகுதி. 9.2 அந்த நடுப்பகுதி. ஆனால் அந்த எண்ணை எடுத்துக்கொள்வதற்கு முன் அது எப்படி அளக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். இந்தக் கருவி அளப்பது தழும்பை அல்ல, விறைப்பை. விறைப்பைக் கூட்ட வேறு காரணங்களும் உண்டு.

முதல் காரணம் சாப்பாடு. சாப்பிட்டவுடன் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், விறைப்பும் கூடும். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். கல்லீரலில் கடுமையான அழற்சி, பித்தநாள அடைப்பு, இதயம் பலவீனமாகி ரத்தம் கல்லீரலில் தேங்குவது, இவையெல்லாம் தழும்பே இல்லாதவரிடமும் எண்ணை ஏற்றிவிடும்.

அடுத்தது அளவீட்டின் தரம். மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் வைத்து, வலது விலா எலும்புகளுக்கு இடையே குறைந்தது 10 சரியான அளவீடுகள் எடுக்க வேண்டும். அறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பது அவற்றின் இடைநிலை மதிப்பு. அதன் கீழே சின்ன எழுத்தில் ஐக்யூஆர் என்று இன்னொரு எண் இருக்கும். அது அந்த 10 அளவீடுகளும் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அந்த எண் இடைநிலை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உடல் பருமன் உள்ளவர்களுக்குத் தோலிலிருந்து கல்லீரல் வரை 25 மில்லிமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் எக்ஸ்எல் ப்ரோப் (உடலில் வைத்து அளக்கும் பெரிய முனை) வேண்டும். வழக்கமான எம் ப்ரோபிலேயே அளந்தால் எண் கூடுதலாக வரலாம்.

கேப் 312 என்பது கொழுப்பு கணிசமாக இருக்கிறது என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. இந்த நான்கையும் பார்த்துச் சொல்லுங்கள்: ஐக்யூஆர், எத்தனை அளவீடு, எந்த ப்ரோப், சாப்பிட்டு எவ்வளவு நேரம்.

தென்றல்:
ஐக்யூஆர் 3.4. அளவீடு 10. எம் ப்ரோப். காலை உணவு முடிந்து ஒன்றரை மணி நேரத்தில் எடுத்திருக்கிறார்கள்.

நுண்ணோக்கி:
3.4-ஐ 9.2-ஆல் வகுத்தால் 37 சதவீதம். உணவும் சரியில்லை. இந்த 9.2-ஐ வைத்து எஃப்2 என்று பெயர் சூட்டவும் வேண்டாம், மருந்து தொடங்கவும் வேண்டாம். வெறும் வயிற்றில், கருவி எந்த ப்ரோப் வேண்டும் என்று காட்டுகிறதோ அதை வைத்து, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 8-க்குக் கீழே வந்தால் சர்க்கரை நோய் இருப்பதால் ஓராண்டிலோ இரண்டாண்டிலோ ஃபிப்-4 மறுபடி பார்த்தால் போதும். மீண்டும் 8-க்கு மேலே நின்றால் கல்லீரல் நிபுணரிடம் போகட்டும்.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக் கேள்விக்கு வருகிறேன். மறு அளவீடு எஃப்2 அல்லது எஃப்3 பக்கம் நின்றால் மட்டும் இது பொருந்தும்.

ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கொழுப்பால் கல்லீரலில் அழற்சியும் தழும்பும் வரும் இந்த நோய்க்கென்றே வந்த முதல் மருந்து அதுதான். தைராய்டு ஹார்மோனுக்கான பீட்டா ஏற்பி கல்லீரலில் அதிகம். இதயத்திலும் எலும்பிலும் ஆல்ஃபா வகை அதிகம். பீட்டாவை மட்டும் தட்டினால் கல்லீரல் கொழுப்பை எரிக்கும், இதயம் படபடக்காது. அதுதான் இதன் அடிப்படை. மேஸ்ட்ரோ-நாஷ் ஆய்வில் 966 பேர், 52 வாரம். அழற்சி தீர்ந்தது 80 மில்லிகிராமில் 25.9%, 100-இல் 29.9%, போலி மருந்தில் 9.7%. தழும்பு ஒரு நிலையாவது இறங்கியது முறையே 24.2%, 25.9%, 14.2%.

செமாகுளூடைடு 2025 ஆகஸ்டில் இதே நோய்க்கு அனுமதி பெற்றது. வாரம் 2.4 மில்லிகிராம் ஊசி. எசென்ஸ் ஆய்வின் முதல் 800 பேரில், 72 வாரத்தில் அழற்சி தீர்ந்தது 62.9%, போலி மருந்தில் 34.3%. தழும்பு இறங்கியது 36.8%, போலி மருந்தில் 22.4%. இரண்டு ஆய்வுகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இதுதான் சிறந்தது’ என்று சொல்லாதீர்கள். கால அளவு வேறு, ஆட்கள் வேறு, போலி மருந்துக் குழுவே எவ்வளவு வேறுபடுகிறது பாருங்கள். இந்த முடிவுகளெல்லாம் பயாப்ஸி, அதாவது ஊசியால் கல்லீரல் துணுக்கு எடுத்துப் பார்த்துச் சொன்னவை. அந்த ஊசியில் வருவது கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கு. ஊசி எந்த இடத்தில் இறங்கியது என்பதே விடையை ஒரு நிலை மாற்றிவிடும்.

இரண்டுமே விரைவு அனுமதி, அதாவது முழு ஆதாரம் வருவதற்கு முன்பே தரப்படும் அனுமதி, பெற்றவை. சிரோசிஸையும் மரணத்தையும் தடுக்கின்றனவா என்று காட்ட வேண்டிய நீண்ட ஆய்வுகள் தொடர்கின்றன.

எது எடுத்தாலும் எடைக் குறைப்பு கைவிட முடியாதது. 2015-இல் வெளியான, 293 பேரை 52 வாரம் பின்தொடர்ந்த ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி தீர்ந்தது, 45 சதவீதத்தினருக்குத் தழும்பு இறங்கியது. ஆனால் அந்த இலக்கை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். மருந்துகளுக்கு இடம் இருப்பது அதனால்தான். 84 கிலோவுக்கு 10 சதவீதம் 8.4 கிலோ. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைத்தால் பித்தக்கல் வரும் அபாயம் கூடும். அவசரம் வேண்டாம்.

தென்றல்:
நன்றி. ஒரு விஷயம் விட்டுவிட்டேன். இவர் கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் வகை மருந்தான ரோசுவாஸ்டாட்டின் 40, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோகிரல் 75 எடுக்கிறார். ஸ்டாட்டினை நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள்.

மாத்திரைப்பெட்டி:
நிறுத்தவே கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான். ஏஎல்டி 55 ஸ்டாட்டினை நிறுத்தக் காரணமே இல்லை.

ஆனால் ரெஸ்மெட்டிரோம் தொடங்கினால் கணக்கு மாறும். அது ஸ்டாட்டினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரோசுவாஸ்டாட்டின் நாளுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. அடார்வாஸ்டாட்டின் என்றால் 40 வரை. க்ளோபிடோகிரல் ரெஸ்மெட்டிரோமின் அளவை ஏற்றும். 100 கிலோவுக்குக் கீழே வழக்கமான அளவு 80. இதனுடன் சேரும்போது 60 மில்லிகிராம். ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் எடுத்துக்கொண்டிருந்தால் இந்த மருந்தே வேண்டாம்.

செமாகுளூடைடுக்கு இந்த இரண்டோடும் மோதல் இல்லை, சர்க்கரைக்கும் உதவும். 0.25-இல் தொடங்கி 4 வாரத்துக்கு ஒருமுறைதான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் குமட்டல் கூடும். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரையோ எடுத்தால் அவற்றின் அளவைக் குறைக்க மருத்துவரிடம் முன்பே பேசுங்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும். விழித்திரையை ஊசி தொடங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வந்திருந்தால் இந்த ஊசி கிடையாது.