பூசணிப் பிஞ்சு வெம்பி விழுகிறது: தேனீப் பெட்டி வைத்தால் நிற்குமா?

பந்தல்கொடி:
வணக்கம். 12 பூசணிக் கொடி, பந்தலில் 4 சுரை, பக்கத்துப் பாத்தியில் கத்தரியும் தக்காளியும் வைத்திருக்கிறேன். கொடி நன்றாக ஓடிப் பூவும் நிறைய வைக்கிறது. ஆனால் பெண்பூவின் அடியில் இருக்கும் பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததுமே மஞ்சளாகி, நுனி அழுகி விழுந்துவிடுகிறது. மூன்று வாரமாக எண்ணி வருகிறேன்: விழுந்தது 31, நின்றது 2. அந்த இரண்டில் ஒன்று ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிக் கிடக்கிறது. நான் தோட்டத்துக்குப் போவது காலை எட்டரைக்கு. அப்போது ஒரு தேனீகூடக் கண்ணில் படுவதில்லை. நண்பர் ஒருவர் தேனீப் பெட்டி வைக்கச் சொல்கிறார். இதுவரை வளர்த்ததில்லை. வைக்கலாமா?

விடிவெள்ளி:
கொஞ்சம் பொறுங்கள், பெட்டி வாங்கும் முன் செய்ய வேண்டியது இருக்கிறது. நான் ஒன்பது வருடமாகத் தேனீ வளர்ப்பவன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

விழுந்த பிஞ்சில் ஐந்தாறை நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈயின் வேலை. அதற்குத் தேனீ ஒன்றும் செய்ய முடியாது. புழு இல்லையென்றால் அடுத்த நாள் விடியும்போதே போய், ஆண்பூ ஒன்றைப் பறித்து இதழ்களை நீக்கிவிட்டு, பெண்பூவின் நடுவே இருக்கும் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படும்படி தடவுங்கள். பத்துப் பூவுக்குச் செய்து நூல் கட்டி வையுங்கள். நூல் கட்டியவை நின்று மற்றவை விழுந்தால், பூவுக்கு ஆள் வரவில்லை என்று அர்த்தம். உங்கள் சூம்பிய காயைப் படித்ததும் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வந்தது. மகரந்தம் போதாமல் விதை பிடிக்காத பக்கம் அப்படித்தான் வளராமல் நிற்கும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று தூக்கிப் போகாது. ஒரு பூவுக்கு ஒரு தேனீ ஒரு தடவை வந்து போனாலும் போதாது, பல தடவை வர வேண்டும்.

அப்புறம் நேரம். பூசணிப்பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்கத் தொடங்கிவிடும். எட்டரைக்கு நீங்கள் பார்ப்பது வேலை பெரும்பாலும் முடிந்துபோன பூவை.

பெட்டி வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் நான் பட்ட அனுபவம். என் பூசணிப் பாத்தியை ஒட்டியே இரண்டு பெட்டி வைத்தேன். ஈக்கள் பாத்தியைத் தாண்டிப் பறந்து, தூரத்தில் பூத்திருந்த மரத்துக்கே போயின. நல்ல தேன் கிடைத்த ஈ கூட்டுக்குத் திரும்பி ஆடுகிற ஆட்டத்தில், எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதைக் கூட்டாளிகளுக்குச் சொல்லிவிடும். கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் இதைப் படித்தறிந்தார், 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். எங்கே லாபம் அதிகமோ அங்கேதான் கூட்டம் போகும். பக்கத்தில் இருப்பதால் மட்டும் உங்கள் பூவுக்கு வந்துவிடாது.

இன்னொன்று, மருந்து எதுவும் அடிக்கிறீர்களா? எத்தனை மணிக்கு?

கருவண்டு:
கத்தரி, தக்காளிக்கும் சேர்த்துப் பெட்டி வாங்க நினைத்தால், அந்தப் பூக்களில் பெட்டித் தேனீயால் பெரிய பயன் இல்லை. அவற்றின் மகரந்தப் பை உப்புச் சிமிழ் மாதிரி, நுனித் துளை வழியாக உலுக்கினால்தான் தூள் கொட்டும். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருந்தேனீ, நீலப்பட்டைத் தேனீ போன்றவை பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்துக் கொட்டச் செய்யும். பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் சட்டென்று மாறுவது காதில் விழும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தக்காளிக்குக் காற்று ஆட்டுவதே ஓரளவு போதும்.

ஒவ்வொரு பூவுக்கும் உரிய ஆள் வேறு. மலேசியாவில் எண்ணெய்ப்பனைக்கு ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகு அந்த வேலைக்கே தேவை இல்லாமல் போனது.

காய்ந்த கிளை இரண்டை வெட்டாமல் விடுங்கள். கருந்தேனீ அதில்தான் துளை போட்டு வீடு கட்டும். பாத்தி முழுக்க மூடாக்குப் போட்டிருந்தால் ஒரு ஓரத்தை வெறும் மண்ணாக விட்டு வையுங்கள். உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, பெரும்பாலானவை தனியாக மண்ணில் துளை போட்டு வாழ்பவை.

அந்திப்பூ:
சுரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் வெள்ளைப்பூ சாயங்காலம்தான் விரியும், வேலை பார்ப்பவை அந்துப்பூச்சிகள். கையால் தடவுவதென்றால் இருட்டும் நேரத்தில் தடவுங்கள். பந்தலுக்கு மேலே விளக்கு எரிந்தால் அணைத்துவிடுங்கள், பூச்சி பூவை விட்டுவிட்டு விளக்கைச் சுற்றும்.

பந்தல்கொடி:
எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆறு பிஞ்சு நறுக்கினேன், எதிலும் புழு இல்லை. நூல் கட்டிய பத்தில் எட்டு நிற்கின்றன, கட்டாததில் ஒன்றுதான் நின்றது.

மருந்து பற்றிக் கேட்டீர்களே, அது மனதை உறுத்துகிறது. அசுவினிக்காக வாரம் ஒரு முறை காலை ஆறு மணிக்குத் தெளித்துக்கொண்டிருந்தேன். வெயிலுக்கு முன் தெளிப்பது நல்லது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பூ விரிந்திருக்கும் நேரமே அதுதான் என்று யோசிக்கவில்லை. தெளிப்பை நிறுத்திவிட்டேன், அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சித்தான் கழுவுகிறேன்.

ஐந்தே முக்காலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. நேற்று ஒரு ஆண்பூவுக்குள் எள்ளளவு கறுப்பு ஈக்கள் மூன்று, இன்று ஒரு பெரிய கருந்தேனீ, முதுகெல்லாம் மஞ்சள் தூள். பெட்டி வாங்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம். கத்தரிப் பாத்தி வரப்பில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழெட்டுத் துளைகள், வாயில் பொடிமண். அங்கேதான் அடுத்த வாரம் கொத்தலாம் என்று இருந்தேன்.

கருவண்டு:
கொத்த வேண்டாம். நல்ல வெயில் நேரத்தில் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். காலில் மகரந்தத்தோடு ஒன்று உள்ளே போனால், உங்கள் கத்தரிக்கு ஆள் வந்துவிட்டது.