நிரந்தரமாகும்போது பழைய பணிக்காலம் என்னவாகும்?

கேள்வி:
ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், நிர்வாகத்தின் நேரடித் தற்காலிகப் பணியாளராக மூன்று ஆண்டுகளாக இடைவெளியின்றி வேலை செய்கிறேன். இப்போது நிரந்தரம் செய்வதாகக் கூறி, பணிவிலகல் கடிதம் கொடுத்துப் புதிய நியமனத்தை ஏற்கச் சொல்கிறார்கள். சம்பளம் 19,000 ரூபாயிலிருந்து 23,000 ஆக உயருமாம். கையெழுத்திடலாமா ஐயா?

மறுமொழி 1:
தம்பி, பணிவிலகல் கடிதம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 நாட்காட்டி மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை; அது சலுகை அன்று. வேலையை விட்டுச் செல்லும்போது தரப்படும் பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், தொடர்ச்சியான பணிக்காலம் முழுமைக்கும் சேர வேண்டியது என்பதால், இடையில் விலகியதாக ஒரு தாள் இருந்தால் இந்த மூன்று ஆண்டுகளும் சர்ச்சைக்குள்ளாகும். முதலில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு நிரந்தர ஆணை தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் தொழிற்சங்கத்துடன் தொழிற்சாலை ஆய்வாளரை அணுகுங்கள்.

மறுமொழி 2:
ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் ஊதிய வரம்பு 21,000 ரூபாய்; சம்பளம் 23,000 ஆனால் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும், செப்டம்பர் அல்லது மார்ச்சில் அக்காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். அதன்பின் குடும்பத்துக்கு என்ன மருத்துவக் காப்பீடு என்று இப்போதே கேட்டுவிடுங்கள்; அதைச் சொந்தமாக வாங்க நேர்ந்தால் சம்பள உயர்வில் ஒரு பகுதி அதற்கே போய்விடும்.

மறுமொழி 3:
புதிய நியமனம் என்றாலும், வருங்கால வைப்பு நிதிக்குப் பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத உறுப்பினர் எண்) கொடுங்கள்.