மலைத் தண்ணீரை அளக்க செயற்கைக்கோள் போதுமா, தரை நிலையமும் வேண்டுமா?

வடிநிலம் எழுதியது:
இமயமலை, காரகோரம், இந்துகுஷ் உச்சிகளில் எவ்வளவு தண்ணீர் பனியாகக் கிடக்கிறது, அது எப்போது ஆற்றுக்கு வரும் என்று கணக்கிட இன்றைக்கு செயற்கைக்கோள் தரவும் கணினி மாடலுமே போதும் என்பது என் கட்சி. 5,000 மீட்டருக்கு மேல் ஒரு நிலையம் வைத்தால் பனிச்சரிவு புதைக்கும், பேட்டரி உறையும், பழுது பார்க்க ஆள் போகவே அடுத்த கோடை ஆகிவிடும். அந்தப் பணத்தை மாடலில் போடலாம்.

செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவி 2000-லிருந்து தினமும் உலகத்தின் பனிப்பரப்பை 500 மீட்டர் துல்லியத்தில் பதிவு செய்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் 30 மீட்டர்; 2008-லிருந்து அதன் காப்பகம் முழுக்க இலவசம். சென்டினல்-2 வந்தபின் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் படம். 2021-இல் வந்த ஓர் ஆய்வு, ஆஸ்டர் கருவியின் படங்களை வைத்து உலகிலுள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பனியாறுகளின் உயர மாற்றத்தைக் கணக்கிட்டு, 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 267 பில்லியன் டன் ஐஸ் போயிருக்கிறது என்று சொன்னது. எந்தத் தரைக் குழுவால் இதைச் செய்திருக்க முடியும்? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

ஓடைக்காரன் எழுதியது:
நீங்கள் சொன்னதில் பாதி பரப்பு பற்றியது. தண்ணீர் பரப்பில் இல்லை. போர்வை கட்டிலை மூடியிருக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்லலாம், அதன் கனத்தைச் சொல்ல முடியாது.

பனியில் குழாயை இறக்கி எடை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். குழாய் உள்ளே போகும்போது கையில் தெரியும்: மேலே மெத்தென்று, நடுவில் ஒரு கெட்டியான ஐஸ் தகடு, அதை முறுக்கி உடைத்தால் கீழே சர்க்கரை மாதிரி உதிரும் படிகம். புதிதாக விழுந்த ஒரு மீட்டர் பனியை உருக்கினால் 100 மில்லிமீட்டர் தண்ணீர் வந்தாலே அதிகம். அதே ஒரு மீட்டர், குளிர்காலம் முழுக்க அமுங்கி ஏப்ரலில் கிடந்தால் 400 மில்லிமீட்டர். இரண்டும் மோடிஸ் படத்தில் ஒரே வெள்ளைப் பிக்சல்தான்.

பனியூடே வரும் மைக்ரோவேவ் கதிரை வைத்துக் கனத்தைக் கணிக்கும் கருவிகள் இருக்கின்றனவே என்பீர்கள். அவற்றின் பிக்சல் 25 கிலோமீட்டர். அதற்குள் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு முகடு, ஒரு காடு எல்லாம் அடங்கிவிடும். 150, 200 மில்லிமீட்டர் தண்ணீருக்கு மேல் பனி தடித்தால் சிக்னல் மேற்கொண்டு மாறாது. பனி ஈரமாகிவிட்டால் அதுவும் போச்சு. உருகும் பருவத்தில்தானே நமக்குக் கணக்கு வேண்டும்?

வடிநிலம் எழுதியது:
கனத்தை நேரடியாகப் பார்க்க வேண்டியதில்லை, பின்னோக்கிக் கணக்கிடலாம். ஒரு பிக்சலில் பனி எந்தத் தேதியில் மறைந்தது என்று செயற்கைக்கோள் சொல்லிவிடும். அதுவரை அந்த இடத்தில் விழுந்த வெயில், காற்றின் வெப்பம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு பனியை உருக்கியிருக்கும் என்று மாடல் சொல்லும். கூட்டினால் தொடக்கத்தில் இருந்த தண்ணீர் கிடைத்துவிடும். மழைமானி கூடத் தேவையில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இந்த முறையைத் தரை அளவீடுகளோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். அங்கே 2013-லிருந்து விமானத்தில் லைடார் என்ற லேசர் கருவி வைத்துப் பனியின் ஆழத்தையும் அளக்கிறார்கள்.

ஓடைக்காரன் எழுதியது:
பனி முழுக்க உருகிப் போனபிறகு எவ்வளவு இருந்தது என்று சொல்லும் முறை அது. ஆராய்ச்சிக்கு அருமையானது. ஆனால் அணையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு ஏப்ரலில் பதில் வேண்டும்; நீங்கள் ஆகஸ்டில் தருகிறீர்கள்.

லைடார் விஷயம் என் பக்கத்துச் சாட்சி. அது ஆழத்தைத்தான் தருகிறது, அடர்த்தியை மாடலிலிருந்தும் தரை அளவீட்டிலிருந்தும் எடுக்கிறார்கள். தவிர அது விமானம். எல்லைத் தகராறு உள்ள காரகோரத்தில் யார் பறக்க விடுவார்கள்?

கயல்விழி எழுதியது:
பனியைவிடப் பெரிய சிக்கல் மேலே எவ்வளவு விழுகிறது என்பது. அதை யாரும் தொடவில்லையே.

இருக்கும் மழைமானிகளில் பெரும்பாலானவை பள்ளத்தாக்கின் அடியில் இருக்கின்றன. அங்கே வறட்சி, 2,000 மீட்டர் மேலே போனால் கொட்டும் பனி. மேலே ஒரு மானி வைத்தாலும் காற்று பனிச்சீவலை வாய்க்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். பலத்த காற்றில் பாதிக்கு மேல் தவறிவிடும். மழையை அளக்க 2014-இல் ஏவிய ஜிபிஎம் செயற்கைக்கோளின் ரேடாருக்கோ, மலைச்சரிவு திருப்பி அனுப்பும் எதிரொலியில் தரையை ஒட்டிய மழை மறைந்துபோகிறது.

இப்போது மாடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எளிய மாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு நாளில் இத்தனை மில்லிமீட்டர் உருகும் என்று ஒரு எண் கொடுக்கிறோம். பனிக்கு 4 என்றால் பனியாற்று ஐஸுக்கு 7 அல்லது 8. உள்ளே போகும் மழைக்கணக்கு பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் ஓடும் நீரோடு பொருந்தவில்லை. உடனே உருகும் எண்ணைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். பொருந்திவிடும்! வரைபடம் அழகாக இருக்கும். ஆனால் கணக்கில் வராத மழைக்குப் பதிலாக உருகாத பனியாறு தண்ணீர் கொடுத்ததாகக் கணக்கு எழுதியாயிற்று. அந்த மாடலை 2070-க்கு ஓட்டினால் பனியாறு தீர்ந்துவிட்டது, ஆறு வற்றும் என்று சொல்லும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சரியான விடைபோல உட்கார்ந்திருக்கும். ஆற்று நீரோட்டத்தை மட்டும் வைத்துச் சரிபார்த்த எந்த மாடலையும் நான் நம்புவதில்லை.

வடிநிலம் எழுதியது:
கயல்விழி, இந்தத் தப்பைக் கண்டுபிடித்தது எது? மேல் சிந்து வடிநிலத்தில் வால்டர் இம்மர்ஜீல் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பனியாறுகள் அவ்வளவாக இளைக்கவில்லை என்று செயற்கைக்கோள் உயரக் கணக்கு சொல்கிறது. மழைமானிகள் சொல்லும் மழையோ அந்தப் பனியாறுகளை உயிரோடு வைத்திருக்கவே போதாது. அப்படியானால் மேலே விழுவது வேறு அளவு என்று திருப்பிக் கணக்கிட்டார்கள். சில இடங்களில் அதுவரை நினைத்ததைப்போல 10 மடங்கு வரை இருக்கலாம் என்று வந்தது. தரை மானிகளை நம்பியிருந்தவரை அது வெளியே வரவில்லை. மேலே இருந்து பார்த்தபிறகுதான் வந்தது.

உருகும் எண்ணை இஷ்டத்துக்கு ஏற்றுவதற்கும் இப்போது கடிவாளம் உண்டு. நீரோட்டம், தினசரிப் பனிப்பரப்பு, பனியாற்றின் எடை இழப்பு மூன்றோடும் மாடல் பொருந்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் நீங்கள் சொன்ன ஒளிவுமறைவு நடக்காது. மூன்றில் இரண்டு செயற்கைக்கோள் தருவது.

நிலாமுகடு எழுதியது:
இடையில் ஒரு கேள்வி. ஈர்ப்புவிசையை வைத்து எடை பார்க்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் இருக்கும்போது இந்த மறைமுகக் கணக்கெல்லாம் எதற்கு?

ஓடைக்காரன் எழுதியது:
நல்ல கேள்வி. கிரேஸ் என்பது சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரண்டு செயற்கைக்கோள்கள். 2002-லிருந்து 2017 வரை ஓடியது, 2018-லிருந்து அடுத்த ஜோடி. கீழே நிறை கூடினால் குறைந்தால் அவற்றின் இடைவெளி மாறும், அதை மைக்ரான் அளவில் பிடிப்பார்கள். ஆனால் அதன் பார்வை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் அகலம். அதற்குள் மலையும் விழும், மலையடிவாரச் சமவெளியும் விழும். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தானில் 2002 முதல் 2008 வரை நிலத்தடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் தண்ணீர் போனதாக இதே கிரேஸ்தான் காட்டியது. கிணற்றில் போன எடை எது, பனியாற்றில் போன எடை எது என்று அது தானாகப் பிரித்துச் சொல்லாது.

விளைவைப் பாருங்கள். 2012-இல் ஒரு கிரேஸ் ஆய்வு, ஆசிய உயர்மலைகள் ஆண்டுக்கு 4 பில்லியன் டன்தான் இழக்கின்றன, பிழை 20 கூடவோ குறையவோ இருக்கலாம் என்றது. அதற்கு முந்தைய மதிப்பீடுகள் 50-ஐ ஒட்டி. 2017-இல் ஆஸ்டர் படங்களை வைத்துச் செய்த கணக்கு சுமார் 16 என்றது. 4, 16 இரண்டும் வானத்திலிருந்து வந்த எண்கள்தான். நடுவராக நிற்க மேலே நம்மிடம் சோட்டா ஷிக்ரி போல நீண்டகாலம் அளந்த பனியாறுகள் விரல்விட்டு எண்ணும் அளவே.

வடிநிலம் எழுதியது:
4-லிருந்து 16-க்கு வந்தது முறைகள் மேம்பட்டதால். அதை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்? இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் காணாமல் போகும் என்று ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் வந்து, 2010-இல் தவறு என்று ஒப்புக்கொண்டார்களே, அந்தக் காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. தரை அளவீடு வேண்டும் என்கிறீர்களே, எடுத்த அளவீட்டை யார் காட்டுகிறார்கள்? சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா நீரோட்டத் தரவு இந்தியாவில் ரகசியப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மாணவர் அதைக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்கும் நேரத்தில் லேண்ட்சாட் காப்பகம் முழுவதையும் இறக்கிவிடலாம்.

கயல்விழி எழுதியது:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் அது அளப்பவர் மீதான வாதம் இல்லையே. பூட்டி வைப்பவர் மீதான வாதம். எடுத்த எண்ணைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டியதற்கு, எண்ணே வேண்டாம் என்றால் எப்படி?

தெற்கு லோனாக் ஏரியை நினைத்துப் பாருங்கள். சிக்கிமில் அந்த ஏரி பல வருடங்களாகப் பெரிதாகிக்கொண்டே போனதைச் செயற்கைக்கோள் படம் பார்த்த அத்தனை பேரும் கண்டார்கள். 2023 செப்டம்பர் 28-இல் சுமார் 167 ஹெக்டேர். அக்டோபர் 4 காலையில் எடுத்த ரேடார் படத்தில் 60. இடைப்பட்ட இரவில் கரைச்சரிவு இடிந்து ஏரிக்குள் விழுந்து, வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போய்விட்டது. படம் இருந்தது. அந்த இரவில் ஏரி மட்டத்தைப் பார்த்துக் கீழே மணி அடிக்க ஒன்றும் இல்லை. அடுத்த முறை செயற்கைக்கோள் கடக்கும்வரை வெள்ளம் காத்திருக்காது.

நிலாமுகடு எழுதியது:
மலைக் கிராமத்து ஆட்கள் குடிப்பது பெரும்பாலும் ஊற்றுத் தண்ணீர். பனியாறு மேலே, பெரிய ஆறு கீழே ஆழத்தில், நடுச்சரிவில் ஊர். ஊற்று வற்றுவதை இந்தக் கருவிகளில் ஏதாவது பார்க்குமா?

ஓடைக்காரன் எழுதியது:
பார்க்காது. நீர்மட்டத்தை அளக்க 2022-இல் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் கூட 100 மீட்டர் அகல ஆறுகளுக்காக வடிவமைத்தது. ஊற்றின் அகலம் ஒரு குடம் வைக்கும் அளவு. மழை எந்தச் சரிவில் இறங்கி எந்தப் பாறை இடுக்கு வழியாக இங்கே வருகிறது என்று தெரிய, ஆள் நடந்து போய்ப் பாறை அடுக்கைப் பார்க்க வேண்டும், குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று மாதாமாதம் குறிக்க வேண்டும். சிக்கிமில் ஊற்றுகளை மீட்ட திட்டத்தில் இப்படித்தான் செய்தார்கள். இதை விட்டுவிட்டு மலையின் தண்ணீரைக் கணக்கிட்டுவிட்டோம் என்று சொல்வது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

வடிநிலம் எழுதியது:
ஊற்று தனிக் கணக்கு, ஏற்கிறேன். பனிக்கணக்கைப் பொறுத்தவரை என் நிலை அதேதான். நிலையம் வைத்தே ஆக வேண்டும் என்றால் வேண்டிய இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லட்டும். பனி எந்த உயரத்தில் எந்தச் சரிவில் ஒவ்வொரு வருடமும் கடைசியாக உருகுகிறது என்று 25 வருடப் படங்களில் தெளிவாக இருக்கிறது. மாடல் தடுமாறும் இடமும் தெரியும். அங்கே பனியின் எடையைத் தானாகப் பதியும் நிலையங்கள் சில போதும். 2025 ஜூலையில் ஏவிய நிசார் ரேடார் செயற்கைக்கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைக் கடக்கும். அதன் எல் அலைவரிசை ரேடார் சிக்னல் பனிக்குள் போய்வரும்போது தாமதப்படும், அந்தத் தாமதத்திலிருந்து பனியில் உள்ள தண்ணீரையே கணக்கிட முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

ஓடைக்காரன் எழுதியது:
இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லட்டும், ஆட்சேபணை இல்லை. நிசார் வேலை செய்தால் முதலில் சந்தோஷப்படுபவன் நான். ஆனால் தானாகப் பதியும் நிலையம் என்று எழுதிவிட்டு மேலே போய்விடாதீர்கள். அதில் திரவம் நிரப்பிய தட்டையான பை ஒன்று தரையில் கிடக்கும், மேலே விழும் பனியின் எடையை அது உணரும். நடுவில் ஒரு ஐஸ் தகடு உறைந்துவிட்டால் எடை பையின் மேல் இறங்காமல் பக்கவாட்டில் தாங்கிக்கொள்ளும். பனி கூடிக்கொண்டே போகும், கருவி அதே எண்ணைக் காட்டும். அதோடு நிசார் கணக்கை ஒப்பிட்டால் எது தப்பு என்று யார் சொல்வது? பக்கத்தில் ஒருவர் குழாயோடு போய் எடை போட்டால்தான் தெரியும். அந்த ஆளுக்கான சம்பளத்தையும் குளிர்காலக் கூடாரத்தையும் உங்கள் திட்டத்தில் எந்த வரியில் எழுதப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அப்புறம் மேலே பேசலாம்.