கோடைக்கால ஆய்வு முகாமுக்கு விண்ணப்பிப்பதா, வேண்டாமா?

கேள்வி – அரைக்கணக்கு

வணக்கம். நான் பள்ளி இறுதிக்கு முந்தைய வகுப்பில் படிக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடக்கும் அறிவியல் ஆய்வு முகாமான ஆர்.எஸ்.ஐ., கணிதத்துக்கென்றே உள்ள ராஸ், பிராமிஸ் ஆகிய ஆறு வார முகாம்களைப் பற்றி எங்கள் ஆசிரியர் சொன்னதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஆனால் ஒலிம்பியாட் பதக்கக்காரர்கள் வரிசையில் நிற்கும் இடத்தில், பள்ளி அளவுப் பரிசுகளை மட்டுமே வாங்கிய நான் போய் நிற்பது சரியா என்ற தயக்கமும் இருக்கிறது. கட்டுரை, பரிந்துரைக் கடிதம், கணக்குகள் என்று விண்ணப்பமே ஒரு மாத வேலையைக் கேட்கும்; தேர்வும் அதே மாதத்தில்தான் வருகிறது. ஆசிரியர் பயிற்சிக்காகக் கொடுத்த ஒரு கணக்கையே நான் இன்னும் முடிக்கவில்லை: அடுத்தடுத்து வரும் நேர் முழு எண்கள் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ கூட்டி எந்தெந்த எண்களைப் பெற முடியும்? 50 வரை எழுதிப் பார்த்ததில் 1, 2, 4, 8, 16, 32 மட்டும் அகப்படவில்லை. ஏன் என்று நிறுவத் தெரியவில்லை. விண்ணப்பிக்கலாமா?

மறுமொழி 1 – சிறுகோள்

இடம் கிடைக்குமா என்பதை உங்களால் கணிக்க முடியாது. ஆகவே அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ராஸ் முகாம் 1957-லும் பிராமிஸ் 1989-லும் தொடங்கியவை. இரண்டும் விண்ணப்பத்தோடு கணக்குகளைத் தருகின்றன. அவற்றின் விடையைவிட, நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதைத்தான் தேர்வுக்குழு படிக்கிறது. முடிக்க இயலாத கணக்கில் எதுவரை போனீர்கள், எங்கே நின்றீர்கள் என்று நேர்மையாக எழுதினால் அதற்கும் மதிப்பு உண்டு. ஒருவர் 50 வரை கையால் எழுதிப் பார்த்திருக்கிறார் என்றால் அவர் விண்ணப்பிக்க வேண்டியவர் என்பதே என் எண்ணம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தப் பயிற்சிக் கணக்கை இங்கே கேட்டதில் தவறில்லை, ஆனால் விண்ணப்பக் கணக்குகளை யாரிடமும் கேட்கக் கூடாது.

உங்களுக்கு ஒரு குறிப்பு. a-யில் தொடங்கும் k தொடர் எண்களின் கூட்டுத்தொகையை இரட்டித்தால் k(2a+k−1) வரும். இந்த இரு காரணிகளில் எது ஒற்றைப்படை, எது இரட்டைப்படை என்று பாருங்கள்.

மறுமொழி 2 – நிதானம்

மேலே சொன்னதை நான் முழுவதும் ஏற்கவில்லை. ஒரு மாத உழைப்பு என்பது சிறிய விலையன்று. ஆர்.எஸ்.ஐ.யில் கற்பிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் இலவசம். பயணச் செலவு மட்டும் உங்களுடையது. எல்லா முகாமும் அப்படியல்ல. புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் வளாகத்தை வாடகைக்கு எடுத்து, பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் முகாம்களும் உண்டு. அப்படியொன்றில் என் மகளைச் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்தினேன். சான்றிதழ் வந்தது, அவள் செய்ததென்று காட்ட ஒரு பக்கம்கூட இல்லை. ஆகவே கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை உண்டா, மாணவர்கள் அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். 1959-இல் தொடங்கிய சம்மர் சயின்ஸ் புரோகிராம் என்ற முகாமின் வானியற்பியல் பிரிவில், பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியில் தாங்களே படமெடுத்து, தாங்களே எழுதிய நிரலால் அதன் சுற்றுப்பாதையைக் கணக்கிடுகிறார்கள். இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிற முகாமுக்கு விண்ணப்பியுங்கள். அதிலும் இரண்டுக்கு மேல் வேண்டாம். பரிந்துரை எழுதும் ஆசிரியரிடம் இன்றே சொல்லி வையுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் அவரும் கடனுக்குத்தான் எழுதுவார்.

அரைக்கணக்கு

இருவருக்கும் நன்றி. ராஸ், பிராமிஸ் இரண்டுக்கு மட்டும் விண்ணப்பிக்கப் போகிறேன். ஆசிரியரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன்.

சிறுகோள் ஐயா, k இரட்டைப்படை என்றால் 2a+k−1 ஒற்றைப்படையாகிறது. k ஒற்றைப்படை என்றால் k-யே அந்த ஒற்றைக் காரணி. எப்படியானாலும் 1-ஐவிடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி வந்துவிடுகிறது. 2-இன் அடுக்குகளுக்கு அப்படியொரு காரணி இல்லாததால் அவை விலகிக்கொள்கின்றன. மற்ற எண்கள் எல்லாம் கிடைக்குமா என்பதற்கு 22-ஐ எடுத்தேன். 11×2 என்பதால் 2-ஐ நடுவில் வைத்துப் பதினோர் எண்கள் எழுதினால் −3 முதல் 7 வரை போகிறது. குறை எண்கள் வந்ததும் தவறிவிட்டேன் என்று அடித்துவிட்டேன். பிறகுதான் −3 முதல் 3 வரை ஒன்றையொன்று கழித்துக்கொள்வது கண்ணில் பட்டது, 4+5+6+7 மிஞ்சுகிறது.