கீழே நின்று கயிறு பிடிப்பது

குழு: நாமக்கல் வீட்டார்
ஞாயிறு, இரவு 7:42

அம்மா: நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது கண்ணு. சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, அது எவ்வளவு உயரம்?

நான்: நாலு மாடி இருக்கும் அம்மா. கயிறு கட்டி ஏறிப் பழகுவதற்கென்றே கட்டின சுவர். ஆனால் மேலே இருப்பது நான் இல்லை, என் ஆபீஸ் தோழி. கீழே கயிற்றைப் பிடித்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் நான்.

தம்பி: அக்கா, அப்போ நீ ஏறவே இல்லையா?

நான்: ஏறினேன், மூன்று தடவை. ஆனால் இன்றைக்கு முக்கியமான பாடமே பிடிப்பதுதான். பிலே என்று சொல்வார்கள். ஏறுகிறவர் கை நழுவினால் தரைக்கு வராமல் நிறுத்துவது கீழே நிற்பவர் வேலை.

அம்மா: நீ ஏறும்போது உன்னை யார் பிடித்தது?

நான்: அவள்தான்.

அம்மா: அவளுக்குப் பிடிக்கத் தெரியுமா?

நான்: என்னோடு சேர்ந்துதான் கற்றுக்கொள்கிறாள். எங்கள் இரண்டு பேருக்குப் பின்னாலும் பயிற்சியாளர் கயிற்றின் வாலைப் பிடித்தபடியே நிற்பார். பரீட்சை வைத்துத் தேறின பிறகுதான் அவர் கையை எடுப்பார். எனக்கு இன்னும் பரீட்சை வைக்கவில்லை.

அப்பா: எப்படிப் பிடிப்பது, விவரமாகச் சொல். வெறும் கையாலா ஒரு ஆளைத் தாங்குகிறாய்?

நான்: இல்லை அப்பா. கயிறு அவள் இடுப்புப் பட்டையிலிருந்து மேலே போய், உச்சியில் இருக்கிற வளையத்தில் நுழைந்து, திரும்பக் கீழே என்னிடம் வருகிறது. என் இடுப்பில் கொக்கியோடு ஒரு சின்ன உலோகக் கருவி, ஏடிசி என்பார்கள். கயிறு அதற்குள் வளைந்து போகும். அவள் ஒரு அடி ஏறினால் இங்கே ஒரு அடி தொய்யும், அதை நான் உடனே இழுத்துவிட வேண்டும். இடது கை மேலிருந்து வருகிற கயிற்றை இழுக்கும், வலது கை கருவிக்கு வெளியே வருகிறதை வாங்கும். வாங்கினவுடனே வலது கை தொடைப் பக்கம் கீழே வந்துவிட வேண்டும், அதுதான் பிரேக். அப்புறம் இடது கை வந்து வலது கைக்குக் கீழே பிடித்துக்கொள்ள, வலது கை கயிற்றிலேயே நழுவி மேலே போகும். நழுவலாம், திறக்கக் கூடாது. என்ன நடந்தாலும் வலது கை விரல்கள் கயிற்றைச் சுற்றியே இருக்க வேண்டும்.

நான்: இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்க வலது கையை எடுத்துவிட்டேன். ஒரு நொடிகூட இருக்காது. பின்னால் பயிற்சியாளர் பிடித்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டவில்லை. தோழியை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார், நடந்ததை நீயே அவளிடம் சொல் என்றார். அவள் ஷூவின் பட்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, இன்னொரு தடவை ஏறுகிறேன், பிடி" என்றாள். அந்த ஏற்றத்தில் நான் கண் கொட்டவில்லை. இப்போதெல்லாம் முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டுதான் போகிறேன்.

அத்தை: நல்ல பிள்ளை அவள்.

பெரியப்பா: ஏம்மா, இதைத்தான் நாங்கள் கிணற்றில் செய்தோம். தூர் வார ஆளை இறக்கும்போது கயிற்றைக் கையில் மட்டும் பிடிக்கமாட்டோம். கல்தூணில் இரண்டு சுற்று சுற்றித்தான் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். தாத்தா என்னை அந்தத் தூண் பக்கம் நிறுத்தும்போது எனக்கு இருபது வயது. உள்ளே இருந்து குரல் வரும்வரை யாரோடும் பேசக் கூடாது என்பார்.

நான்: அதே உராய்வுதான் பெரியப்பா! உங்கள் தூண் செய்த வேலையைத்தான் என் இடுப்பில் இருக்கிற கருவி செய்கிறது. கையை இறக்கினால் கயிறு அதில் மடங்கி இறுகும், பாதி பாரத்துக்கு மேல் அதுவே வாங்கிக்கொள்ளும். குரலும் அப்படியே. "பிலே தயாரா?" என்று கேட்டு, நான் "தயார்" என்று சொன்ன பிறகுதான் அவள் சுவரில் கை வைப்பாள்.

பெரியப்பா: கயிறு என்ன கயிறு? நைலானா?

நான்: நைலான்தான், ஆனால் கடையில் கிடைக்கிற கயிறு இல்லை. உள்ளே இழைகள், மேலே பின்னல் உறை. பாரம் விழுந்தால் நீளும், அதனால் விழுகிறவர் இடுப்பு வெட்டி இழுபடாது. வடக்கயிறு நீளாது, விழுந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து. தம்பி, மொட்டை மாடியில் துணிக்கயிற்றை வைத்து எதையும் முயற்சி செய்யாதே.

தம்பி: சரி அக்கா.

அப்பா: கொக்கி எவ்வளவு தாங்கும்?

நான்: நீளவாக்கில் 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2 டன். ஆனால் வாய் திறந்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால்தான் திருகிப் பூட்டுகிற கொக்கி. பூட்டின பிறகும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

அப்பா: அனுபவசாலிகளுக்கும் தவறுமா?

நான்: தவறும் அப்பா. லின் ஹில் என்ற அமெரிக்கர், உலகத்திலேயே சிறந்த ஏறுநர்களில் ஒருவர். 1989-ல் பிரான்ஸில் ஒரு பாறையில் ஏறும்முன் இடுப்பு முடிச்சைப் போட்டு முடிக்க மறந்துவிட்டார். உச்சியில் கயிற்றில் சாய்ந்ததும் முடிச்சு உருவிக்கொண்டது. 20 மீட்டருக்கும் மேல் விழுந்தார். வழியில் ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார். அவரேதான் 1993-ல் அமெரிக்காவில் எல் கேப்பிட்டன் என்ற பெரிய பாறையில் நோஸ் என்ற வழியைக் கயிற்றில் தொங்காமல் கை கால் பலத்திலேயே முதன்முதலாக ஏறி முடித்தவர். அவருக்கே மறந்தது என்றால் எனக்கு மறக்காதா? அதனால் ஒவ்வொரு தடவையும் அவள் என் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாள், நான் அவள் பட்டையையும் கொக்கியையும் தொட்டுப் பார்ப்பேன். பத்தாவது ஏற்றத்திலும் இதை விடுவதில்லை.

அம்மா: அவள் எடை என்ன, உன் எடை என்ன? நீ ஒல்லியாச்சே.

நான்: சரியான கேள்வி அம்மா. அவள் என்னைவிட 20 கிலோ அதிகம். இன்றைக்கு அவள் நழுவியபோது என் கால் தரையை விட்டு ஒரு முழம் எழும்பிவிட்டது. கை மட்டும் திறக்கவில்லை. அடுத்த தடவை பயிற்சியாளர் என் பட்டையில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டினார், சுவரை ஒட்டி நிற்கவும் சொன்னார்.

அம்மா: அவளை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வா. வயிறு நிறையச் சாப்பாடு போடுகிறேன்.

நான்: இன்னும் எடை ஏறிவிடும் அம்மா, பரவாயில்லை, மணல் மூட்டை இருக்கிறது. பரீட்சை தேறினால் மார்கழியில் பெங்களூர் பக்கம் ராமநகரம் போகலாம் என்கிறார்கள், நிஜக் கருங்கல் பாறை. அங்கே ராமதேவர பெட்டா என்ற குன்றில் பாறுக் கழுகுகளுக்குச் சரணாலயம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகமாட்டோம்.

பெரியப்பா: கருங்கல் என்றால் மலைத்தேன் அடை இருக்கும். புகை, சத்தம், சென்ட் எதுவும் கூடாது. நீ இடுப்பில் போடுகிற அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று வீடியோ அனுப்பு.

நான்: அனுப்புகிறேன். முதலில் எட்டு மாதிரி ஒன்று. வாலை இடுப்புப் பட்டையின் இரண்டு வளையத்திலும் விட்டு, வந்த வழியே திரும்ப ஓட்ட வேண்டும். முடிந்ததும் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இரண்டிரண்டாக ஐந்து ஜோடி தெரிய வேண்டும்.

திங்கள், காலை 6:10

பெரியப்பா: (போட்டோ) தாத்தாவின் நார்க்கயிறு. மாட்டுக் கொட்டகைத் தூணில் போட்டேன். சரியா?

நான்: எட்டு அழகாக வந்திருக்கிறது பெரியப்பா. ஆனால் மூன்றாவது ஜோடியில் ஒரு இழை மற்றதன் மேல் ஏறியிருக்கிறது, பாருங்கள். வாலும் இரண்டு விரல்தான் இருக்கிறது. ஒரு கைப்பிடி அளவாவது வேண்டும்.

பெரியப்பா: ஆமாம், தெரிகிறது. அவிழ்த்துத் திரும்பப் போடுகிறேன், இரு.