சிக்னலில் நின்றால் சூடேறும் பிளாட்ஹெட் வி8: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, கலிஃபோர்னியாவில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சேர்ந்து 1932 ஃபோர்டு ஒன்றை ஹாட் ராடாக (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) மாற்றிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் 1949-ம் வருட பிளாட்ஹெட் வி8 (வால்வுகள் சிலிண்டர் பிளாக்கிலேயே இருக்கும் பழைய வகை), மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர். ஓடும்போது பிரச்சினை இல்லை, சிக்னலில் நின்றால் சூடேறிவிடுகிறது. (1940களில் எல் மிராஜ் வறண்ட ஏரியில் ஹாட் ராட் பந்தயத்தில் பறந்தவர்களுக்கு ஏது சிக்னல்!) இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் புகை போகும் வழி பிளாக்குக்குள்ளேயே, தண்ணீர்ப் பாதையை ஒட்டிப் போவதால் கொஞ்சம் சூடு சகஜம்தான். ஆனால் இது அதிகம்.

ரேடியேட்டர் புதிது, இக்னிஷன் டைமிங்கும் பார்த்தாயிற்று. பெட்ரோல் அழுத்தம் 2.5 பிஎஸ்ஐ. பிளாக்கில் பழைய வார்ப்பு மணலும் துருவும் அடைத்திருக்குமோ என்று சந்தேகம். எஞ்சினைப் பிரிக்காமல் அதைக் கழுவ முடியுமா? எலெக்ட்ரிக் ஃபேன் போட்டால் போதுமா? தயவுசெய்து 'செவர்லே 350 எஞ்சின் போடு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறு' மட்டும் வேண்டாம். பெரியவர் என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.