2020இல் வாக்களித்தேன், இம்முறை பட்டதாரிகள் தொகுதி வரைவுப் பட்டியலில் பெயரே இல்லை: என்ன செய்வது?

தங்கவயல் வாசி:
கோலார் தங்கவயலில் வசிக்கிறேன். கர்நாடக சட்ட மேலவையில் பட்டதாரிகள் மட்டும் வாக்களிக்கும் தென்கிழக்குப் பட்டதாரிகள் தொகுதிக்கு (இங்கே ஆக்னேயத் தொகுதி என்பார்கள்) வரைவு வாக்காளர் பட்டியல் வெளியாகியிருக்கிறது. என் பெயர் இல்லை. 2020 அக்டோபரில் இதே தொகுதியில் வாக்களித்தவள் நான். சட்டமன்ற வாக்காளர் பட்டியலில் பெயர் சரியாக இருக்கிறது, அட்டை கையில் இருக்கிறது, வீடும் மாறவில்லை. கணவர் பெயர் மட்டும் வரைவில் இருக்கிறது. இருவருக்கும் ஒரே கதவு எண்.

கூடுதல் விவரம்: அக்டோபரில் ஒரு கட்சிக்காரர் எங்கள் தெருவில் வீடு வீடாக வந்து, இந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 18ஐ நிரப்பி வாங்கிக்கொண்டு போனார். "நாங்களே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், நீங்கள் அலைய வேண்டாம்" என்றார். கணவர் ஓர் உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய படிவம் பள்ளி மூலமாகப் போனது.

நான் பி.காம். முடித்தது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில், தொலைநிலைக் கல்வியில், 2009இல். பட்டச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து இருக்கிறது. வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் இருக்கிறது. இதைக் காரணம் காட்டி நீக்கிவிட்டார்களா? யாரிடம் போய்க் கேட்பது?

வழிப்போக்கன்:
பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துடையது என்கிறீர்கள். கர்நாடக மேலவைக்குக் கர்நாடகப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள்தானே வாக்களிக்க முடியும்? போன முறை கவனிக்காமல் விட்டிருப்பார்கள், இம்முறை பிடித்துவிட்டார்கள்.

முன்னாள் குமாஸ்தா:
வழிப்போக்கன் தம்பி, ஒருவரைப் பயமுறுத்துவதற்கு முன் சட்டத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கேட்பது இந்திய எல்லைக்குள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டம். எந்த மாநிலம் என்ற கேள்வியே அதில் இல்லை. நேரில் படித்தீர்களா, தபாலில் படித்தீர்களா என்ற பிரிவும் இல்லை. வாக்காளர் அந்தத் தொகுதிக்குள் வழக்கமாக வசிக்க வேண்டும், தகுதி நாளான நவம்பர் 1க்கு முன் குறைந்தது 3 ஆண்டுகளாகப் பட்டதாரியாக இருக்க வேண்டும். அந்த 3 ஆண்டுகளைத் தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து எண்ணுவார்கள், பட்டமளிப்பு விழா நாளிலிருந்து அல்ல. 2009 என்றால் இந்த அம்மாவுக்குக் கவலையே இல்லை.

இப்போது உங்கள் விஷயம், அம்மா. உங்களை யாரும் நீக்கவில்லை. பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகளின் பட்டியலை ஒவ்வொரு தேர்தலுக்கும் முதலிலிருந்து புதிதாகத் தயாரிக்கிறார்கள். பழைய பட்டியலிலிருந்து ஒரு பெயர்கூட இதில் தானாக ஏறாது. சட்டமன்றப் பட்டியலைப் போல ஒருமுறை ஏறினால் பெயர் நிற்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். தேர்தல் வேலை பார்த்த காலத்தில் வாக்குச்சாவடி வாசலில் இந்தச் சண்டையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "போன தடவை போட்டேனே" என்று கையில் அட்டையோடு வந்து நிற்பார்கள். பட்டியலில் இல்லாதவருக்குச் சீட்டுக் கொடுக்க வழியில்லை.

அப்படியானால் உங்கள் புதிய படிவம் என்ன ஆனது? அந்தக் கட்சிக்காரரிடம்தான் சந்தேகம். நேரிலோ தபாலிலோ கட்டுக்கட்டாக வரும் விண்ணப்பங்களை ஏற்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். இதில் விதிவிலக்கு உண்டு: ஒரு நிறுவனத்தின் தலைவர் தம் ஊழியர்களின் படிவங்களைச் சேர்த்து அனுப்பலாம், ஒரு குடும்பத்தில் ஒருவர், அதே முகவரியில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கொடுக்கலாம். கணவர் பெயர் ஏறியதற்கும் உங்கள் பெயர் ஏறாததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். அந்தக் கட்சிக்காரரின் கட்டு வாசலிலேயே திரும்பியதோ, கட்சி அலுவலக அலமாரியில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

தங்கவயல் வாசி:
ஐயா, இப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது, எங்கள் தெருவில் பெரும்பாலோர் அவரிடம்தான் கொடுத்தார்கள். இனி நேரம் இருக்கிறதா?

முன்னாள் குமாஸ்தா:
இருக்கிறது. வரைவு வந்த பிறகுதான் கோரிக்கை, ஆட்சேபணைக் காலம் தொடங்கும். வழக்கமாக அது டிசம்பர் முதல் பாதியில் முடியும், இறுதிப் பட்டியல் மாதக் கடைசியில் வரும். கடைசி நாள் எது என்பதைத் தாலுகா அலுவலக அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதிப் பட்டியலுக்குப் பிறகும் சேர்க்கலாம், ஆனால் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் ஒரு பெயரும் ஏறாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும் அவர்களுக்கு நாள் வேண்டும். அதுவரை இழுக்காதீர்கள்.

படிவம் 18ஐப் புதிதாக நிரப்பி, பட்டச் சான்றிதழ் நகலில் கையெழுத்திட்டு, அசலையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். நகலை அசலோடு ஒப்பிட்டுப் பார்த்து அங்கேயே சான்று செய்வார்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மதிப்பெண் பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள், தேர்வு முடிவு நாள் பெரும்பாலும் அதில்தான் தெளிவாக இருக்கும்.

பெயர் வித்தியாசத்துக்காக யாரும் பட்டத்தை மறுக்க முடியாது, ஆனால் இருவரும் ஒருவரே என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும். முதலெழுத்து வைக்கும் நம் வழக்கம் தமிழ்நாட்டுக்கு வெளியே எப்போதும் ஒரு தலைவலிதான். திருமணப் பதிவுச் சான்று இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், பேச்சு குறையும். படிவத்தில் கணவர் பெயர் கேட்கும் இடத்தில் வாக்காளர் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஆண்டர்சன்பேட்டை:
அக்கா, என் தங்கைக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன். அவள் தொடக்கப் பள்ளி ஆசிரியை, பி.ஏ. படித்தவள். ஆசிரியர் தொகுதியில் சேர்த்தால் போதுமா? தம்பி பாலிடெக்னிக் டிப்ளமோ, அவனுக்கு உண்டா?

முன்னாள் குமாஸ்தா:
ஆசிரியர் தொகுதிக்கு உயர்நிலைப் பள்ளி அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனத்தில், கடந்த 6 ஆண்டுகளுக்குள் மொத்தம் 3 ஆண்டுகளாவது கற்பித்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளி கணக்கில் வராது. ஆனால் பி.ஏ. இருப்பதால் தங்கை பட்டதாரித் தொகுதியில் சேரலாம். உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கும் பட்டதாரிக்கு இரண்டிலுமே வாக்கு உண்டு, அவர் படிவம் 18, ஆசிரியர் தொகுதிக்கான படிவம் 19 இரண்டையும் கொடுக்க வேண்டும். டிப்ளமோ பட்டம் ஆகாது. பட்டத்துக்குச் சமம் என்று அறிவிக்கப்பட்ட தகுதிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, தம்பியின் படிப்பு அதில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

குறுக்குக்கேள்வி:
ஒரு பொதுச் சந்தேகம். வாக்களிக்கவே பட்டம் கேட்கிறார்கள், அப்படியானால் வேட்பாளர் முனைவர் பட்டமே வாங்கியிருக்க வேண்டுமே?

முன்னாள் குமாஸ்தா:
வேட்பாளருக்குப் பட்டமே தேவையில்லை. இதை உச்ச நீதிமன்றத்தில் தீர்த்து வைத்ததே ஒரு சென்னை வழக்குதான். 1970இல் மதராஸ் மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் ஜி. நாராயணசாமி வென்றார். அவர் பட்டதாரி இல்லை என்று உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது: அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு பட்டத்தைக் கேட்பது வாக்காளரிடம், வேட்பாளரிடம் அல்ல. வயது மட்டும் 30 நிரம்பியிருக்க வேண்டும். எனக்கு இதில் மனக்குறை உண்டு, ஆனால் சட்டத்தில் எழுதாததை நீதிமன்றம் எப்படிச் சேர்க்கும்?

வேலூர் வண்டி:
உங்களுக்காவது பட்டியலில் பெயர் இல்லை என்ற கவலை. தமிழ்நாட்டில் எங்களுக்கு அவையே இல்லை. 1986 நவம்பர் 1இல் மேலவையை ஒழித்தார்கள். 2010இல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது, 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்று தீர்மானம். ராஜாஜியும் அண்ணாவும் முதலமைச்சராக இருந்தபோது உறுப்பினராக இருந்த அவை அது. போகட்டும். என் கேள்வி வேறு: இந்தத் தேர்தலில் வேட்பாளர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டுமாமே, பெங்களூரில் இருக்கும் மகன் போன தேர்தலில் 1 மட்டும் போட்டானாம். "2 போட்டால் நம் ஆளுக்குக் குறையும்" என்று யாரோ சொன்னார்களாம். உண்மையா?

மேசைக்கணக்கு:
பொய். எண்ணிக்கை மேசையில் இருந்தவன் சொல்கிறேன். உங்கள் 1 யாருக்கோ, அவர் களத்தில் இருக்கும்வரை உங்கள் 2ஐ யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒரே இடத்துக்கான தேர்தலில் செல்லத்தக்க வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். 10,000 செல்லத்தக்க சீட்டு என்று வைத்துக்கொள்வோம், இலக்கு 5,001. முதல் சுற்றில் அ என்பவருக்கு 4,200, ஆ என்பவருக்கு 3,900, இ என்பவருக்கு 1,900. யாரும் தொடவில்லை. கடைசியில் இருக்கும் இ வெளியேறுகிறார். அவருடைய 1,900 சீட்டுகளை மட்டும் எடுத்து 2 யாருக்கு என்று பார்க்கிறோம்: 1,200 ஆ பக்கம், 300 அ பக்கம், மீதி 400இல் 2 என்ற எண்ணே இல்லை. இப்போது அ 4,500, ஆ 5,100. முதலில் பின்தங்கிய ஆ ஜெயித்துவிட்டார். அந்த 400 பேர் முடிவு செய்யும் நேரத்தில் தாங்களே ஒதுங்கிக்கொண்டவர்கள். ஆகவே உங்கள் மகன் போட்ட வாக்கு செல்லும், ஆனால் அவர் ஆள் முதலில் வெளியேறியிருந்தால் அதோடு அவர் பங்கு முடிந்தது.

வேட்பாளர் கூட்டம் அதிகமானால் இது நாள் கணக்கில் நீளும். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் மகபூப்நகர்–ரங்காரெட்டி–ஹைதராபாத் பட்டதாரித் தொகுதியில் 93 வேட்பாளர்கள். சீட்டு செய்தித்தாள் போல விரிந்தது. வெளியேற்று, பிரி, சேர், மறுபடி எண்ணு என்று இரவு பகலாகப் போய்த்தான் நரசிம்ம ராவின் மகள் சுரபி வாணி தேவி வென்றதாக அறிவித்தார்கள்.

தங்கவயல் வாசி:
செல்லாத வாக்கு ஏன் இவ்வளவு விழுகிறது? எல்லோரும் படித்தவர்கள்தானே.

மேசைக்கணக்கு:
படித்தவர்கள்தான் அம்மா, அதுதான் வேடிக்கை. இயந்திரம் கிடையாது, சின்னம் கிடையாது. பெயர், கட்சி, புகைப்படம் மட்டும் அச்சடித்த சீட்டு. எண்ணை நீங்களே எழுத வேண்டும். நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஒருவர் அழகாக ✓ போட்டிருந்தார், செல்லாது. ஒருவர் "ஒன்று" என்று எழுத்தால் எழுதியிருந்தார், அதுவும் செல்லாது. இருவர் பெயருக்கு எதிரே 1, செல்லாது. ஒரே பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று மூன்றையும் அடுக்கி விசுவாசத்தைக் காட்டியவரும் உண்டு, செல்லாது. எல்லாவற்றிலும் மனது கஷ்டப்பட்டது ஒரு சீட்டில்தான்: 1, 2, 3 எல்லாம் பிசகாமல் போட்டு, கீழே வங்கிக் காசோலை போல ஒரு கையெழுத்து. அடையாளம் காட்டும் குறி இருந்தால் ஒதுக்கத்தான் வேண்டும்.

சாவடியில் ஊதா நிற ஸ்கெட்ச் பேனா தருவார்கள், அதால் மட்டும் எழுதுங்கள். சட்டைப்பையில் இருக்கும் பேனா எவ்வளவு விலையானாலும் அங்கே அதற்கு வேலை இல்லை. 1க்குப் பிறகு 2ஐ விட்டு 3 போட்டால் 1 மட்டும் எண்ணப்படும்.

குறுக்குக்கேள்வி:
தமிழ் எண்ணில் ௧ என்று போட்டால்?

மேசைக்கணக்கு:
அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளின் எண்களை விதி அனுமதிக்கிறது, ரோமன் எண்ணும் சரி. ஆனால் தம்பி, துமகூரிலிருந்து எண்ண வருகிறவர் ௧ஐப் பார்த்துக் கன்னட எழுத்தோ என்று மேலதிகாரியைக் கூப்பிடுவார், முகவர்கள் கூடிப் பேசுவார்கள். 1 என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

தங்கவயல் வாசி:
இன்று தாலுகா அலுவலகம் போய் வந்தேன். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். சான்றிதழில் இருக்கும் முதலெழுத்தை விரலால் தொட்டு "இது யார்?" என்று கன்னடத்தில் கேட்டார் எழுத்தர். திருமணப் பதிவுச் சான்றைக் காட்டினேன், அப்பா பெயரும் கணவர் பெயரும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுத்தார். கட்சிக்காரர் கொண்டுபோன கட்டைப் பற்றிக் கேட்டேன், அப்படி ஒன்று வந்ததாகத் தெரியவில்லை என்றார்கள். தெருவில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன், நாளை அவரவர் வீட்டுப் படிவத்தோடு வீட்டுக்கு ஒருவர் போகிறார்கள்.

முன்னாள் குமாஸ்தா:
நல்லது. வீட்டுக்கு ஒருவர் போனால் வீட்டில் உள்ள எல்லோருடைய அசல் சான்றிதழ்களும் அவர் கையில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அந்த ஆள் மறுபடி வர வேண்டியிருக்கும். ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். இறுதிப் பட்டியல் வந்ததும் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் பாகம் எண், வரிசை எண், சாவடி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலவைத் தேர்தலுக்குச் சாவடிகள் குறைவு. சட்டமன்றத் தேர்தலுக்குப் போகும் பள்ளிக்கூடமே இதற்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.